படம் கேட்ட பொறியாளர்களும் கேட்கப்படாத கேள்வியும்: கொலம்பியா விபத்து குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2003 ஜனவரி 22 அன்று, ஹூஸ்டனில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தின் கட்டமைப்புப் பொறியாளர் ராட்னி ரோச்சா ஒரு மின்னஞ்சலை எழுதினார். புவியைச் சுற்றிக்கொண்டிருந்த கொலம்பியா விண்வெளி ஓடத்தின் இறக்கையைப் படம் பிடிக்க வெளி அமைப்புகளின் உதவியை நாடாமல் விடுவது தவறான முடிவு, பொறுப்பின்மையின் விளிம்பைத் தொடும் முடிவு என்பது அதன் சாரம். ‘பாதுகாப்பில்லை என்றால் சொல்லிவிடுங்கள்’ என்று நாசாவின் கட்டடங்களில் எங்கு பார்த்தாலும் ஒட்டப்பட்டிருந்த சுவரொட்டிகளை அதில் நினைவூட்டிய அவர், நிலைமை அந்த அளவுக்குத் தீவிரமானதுதான் என்றும் எழுதினார். எழுதியதை அச்செடுத்து, உடன் பணியாற்றிய ஒருவரிடம் காட்டினார். ஆனால் அனுப்பவில்லை.

பத்து நாள்கள் கழித்து, பிப்ரவரி 1 காலையில், தரையிறங்குவதற்கு ஏறத்தாழ 16 நிமிடங்கள் இருந்தபோது கொலம்பியா டெக்சாஸ் வானில் சிதறியது. ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், கல்பனா சாவ்லா, டேவிட் பிரவுன், லாரல் கிளார்க், இலான் ராமோன் ஆகிய எழுவரும் உயிரிழந்தனர்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கான பயிலரங்குகளில் இந்நிகழ்வு பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. ‘எதுவானாலும் துணிந்து பேசுங்கள்’ என்ற அறிவுரையோடு அந்த வகுப்புகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. துணிந்து பேசச் சொல்லும் சுவரொட்டி அங்கே முன்பே இருந்தது, பேசியவர்களும் இருந்தார்கள். படம் வேண்டும் என்று ஒருமுறை அல்ல, மூன்று முறை, வெவ்வேறு வழிகளில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இங்கு ஆராய வேண்டியது கீழே இருந்தவர்களின் துணிவைப் பற்றியதல்ல. மேலே இருந்தவர்கள் எந்தக் கேள்வியை, யாரிடம், எந்த வடிவில் கேட்டார்கள் என்பதும், அந்த வடிவமே எவ்வாறு ஒரு பூட்டாக மாறியது என்பதும்தான் இந்த ஆய்வின் பொருள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பயணம் நடக்கும்போது முடிவுகளை எடுக்கும் பயண மேலாண்மைக் குழுவின் தலைவரை இக்கட்டுரையில் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். அவர் திறமை குறைந்தவரோ அக்கறையற்றவரோ அல்லர். அவருடைய இடத்தில் வேறு ஒருவர் இருந்திருந்தாலும் அதே அமைப்பில் அதே கேள்விகளையே கேட்டிருக்கக்கூடும் என்பதுதான் இந்நிகழ்வை இன்றும் படிக்கத் தக்கதாக்குகிறது.

என்ன நடந்தது

கொலம்பியா 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்டது. புறப்பட்ட 82ஆம் நொடி வாக்கில், வெளிப்புற எரிபொருள் தொட்டியின் மீது பூசப்பட்டிருந்த காப்பு நுரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து, ஓடத்தின் இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. துண்டின் எடை ஏறத்தாழ 760 கிராம். மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் அளவில் இருந்தது. கையில் எடுத்தால் தெர்மோகோல் போலக் கனமே தெரியாத ஒரு பொருள், அந்த வேகத்தில் என்ன செய்யும் என்பது பார்த்தவுடன் புலப்படும் விஷயம் அல்ல.

நுரை பெயர்வது புதிதும் அல்ல. முந்தைய பயணங்கள் பலவற்றில் நுரைத் துண்டுகள் ஓடத்தின் அடிப்பகுதியில் இருந்த வெப்பக் காப்பு ஓடுகளைச் சேதப்படுத்தியிருந்தன. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியது. வடிவமைப்பு விதிகளின்படி நிகழவே கூடாத ஒன்று, நிகழ்ந்து நிகழ்ந்து பழகிப்போய், தரையிறங்கிய பின் செய்யவேண்டிய பராமரிப்பு வேலைகளில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 2002 அக்டோபரில் தொட்டியின் அதே பகுதியிலிருந்து ஒரு பெரிய துண்டு விழுந்தபோதும் அடுத்த பயணத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. கொலம்பியா கிளம்பும்போது, ‘நுரை என்றால் பராமரிப்பு’ என்ற சமன்பாடு நிறுவனத்தின் மனத்தில் எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

மறுநாள், ஏவுதல் காட்சிகளை ஆராய்ந்த ஒளிப்படக் குழுவினர் மோதலைக் கண்டுபிடித்தனர். மோதிய இடத்தைத் தெளிவாகக் காட்டும் காட்சி எந்த ஒளிப்படக் கருவியிலும் பதிவாகவில்லை. ஆகவே, சுற்றுப்பாதையில் இருக்கும் ஓடத்தைப் பாதுகாப்புத் துறையின் கருவிகளைக் கொண்டு படம் எடுக்க வேண்டும் என்ற முதல் கோரிக்கை அன்றே எழுந்தது. சேதத்தை மதிப்பிட ஒரு குழுவும் அமைந்தது. நாசாவின் தரப்பில் அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் ரோச்சா. இடையில் மூன்று நாள் விடுமுறை வந்தது. பயணம் நடக்கும்போது நாள்தோறும் கூட வேண்டும் என்று விதி இருந்தும், பயண மேலாண்மைக் குழு அந்த மூன்று நாள்களும் கூடவில்லை. 16 நாள் பயணத்தில் அது மொத்தமே ஐந்து முறைதான் கூடியது.

ஜனவரி 21 அன்று நடந்த கூட்டத்தில் நுரை மோதல் பற்றிய பேச்சு வந்தபோது, அது குறித்து நம்மால் செய்யக்கூடியது அதிகம் இல்லை, ஆகவே இந்தப் பயணத்தின் போக்கில் அது ஒரு காரணி அல்ல என்ற பொருளில் தலைவர் பேசினார். சேத மதிப்பீட்டுக் குழு அதே நாளில் முதன்முறையாக முறைப்படி கூடி, படம் இல்லாமல் மதிப்பீடு செய்ய இயலாது என்று முடிவெடுத்தது. கோரிக்கையை மேலே கொண்டுசெல்லும் பொறுப்பு ரோச்சாவிடம் வந்தது. வெளி அமைப்பின் உதவியைக் கெஞ்சியாவது கேட்கலாமா என்று தம் பொறியியல் பிரிவின் மேலாளருக்கு அவர் மின்னஞ்சல் அனுப்பினார்.

மறுநாள், யாரோ படம் கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தி தலைவரின் காதுக்கு எட்டியது. அவர் அதைப் புறக்கணிக்கவில்லை, விசாரிக்கவே செய்தார். யாருக்கு இந்தப் படம் தேவை, இது கட்டாயத் தேவையா என்று தம் குழுவின் உறுப்பினர்களிடமும் மேலாளர்களிடமும் கேட்டார். எவரும் ‘எனக்குத்தான்’ என்று சொல்லவில்லை. சேத மதிப்பீட்டுக் குழுவிடம் மட்டும் அந்தக் கேள்வி போய்ச் சேரவில்லை. பாதுகாப்புத் துறையிடம் தொடங்கப்பட்டிருந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது.

ஜனவரி 24 காலையில் சேத மதிப்பீட்டுக் குழு தன் முடிவுகளை, பயணத்துக்குப் பொறியியல் உதவி தரும் பயண மதிப்பீட்டு அறையின் மேலாளரிடம் விளக்கியது. அறை நிறைந்து பொறியாளர்கள் தாழ்வாரத்தில் நிற்கும் அளவுக்குக் கூட்டம். பராமரிப்பு வேலை ஒன்றைப் பற்றிக் கேட்பதற்காக இத்தனை பேர் வாசலில் நிற்பார்களா என்ற ஒரு கேள்வி, கணக்கு எதையும் அறியாதவருக்கும் அங்கே எழுந்திருக்கும். ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் கூடிய பயண மேலாண்மைக் குழுவின் முன் அந்தத் தாழ்வாரம் வரவில்லை. அதன் வாய்மொழிச் சுருக்கம் மட்டுமே வந்தது. பயணப் பாதுகாப்புக்குப் பாதகமில்லை என்று அதைத் தலைவர் தம் சொற்களில் மறுபடி கூறினார். எவரும் மறுக்கவில்லை. ஏன் அப்போதாவது பேசவில்லை என்று பின்னாளில் தொலைக்காட்சி நேர்காணலில் கேட்கப்பட்டபோது, தம்மால் முடியவில்லை, தாம் அமைப்பில் வெகு கீழே இருப்பவர், தலைவர் வெகு மேலே இருப்பவர் என்று ரோச்சா கூறினார்.

‘செய்வதற்கு எதுவும் இல்லை’ என்ற எண்ணம் சரிதானா என்பதையும் கொலம்பியா விபத்து விசாரணை வாரியம் பின்னர் ஆராயச் செய்தது. மார்ச் மாதம் ஏவுவதற்காக அட்லாண்டிஸ் ஓடம் அப்போது ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. பயணத்தின் முதல் வாரத்திலேயே சேதம் உறுதிப்பட்டிருந்தால், கொலம்பியாவில் இருந்தவர்களின் வாழ்வாதாரப் பொருள்களைச் சிக்கனப்படுத்தி 30 நாள்கள் வரை நீட்டித்து, இரவுபகலாக உழைத்து அட்லாண்டிஸை அனுப்பி மீட்கும் முயற்சி மிகக் கடினமானது, ஆனால் இயலாததன்று என்பது அந்த ஆராய்ச்சியின் முடிவு. வெற்றி பெற்றிருக்குமா என்பது வேறு. முயலத் தக்கதா என்ற கேள்வி கூட எழாமல் போனதுதான் இங்கு கவனிக்கத் தக்கது.

கேள்வியே பூட்டான விதம்

‘இந்தப் படம் யாருக்குத் தேவை? கட்டாயத் தேவையா?’ என்ற கேள்வி முதல் பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். செலவும் நேரமும் பிற துறையின் ஒத்துழைப்பும் கோரும் ஒரு வேலைக்கு உரிமையாளர் யார் என்று தலைவர் கேட்பதில் என்ன பிழை? பிழை, அது யாரைப் பேசவைக்கும், யாரை வாயடைக்கும் என்பதில் இருக்கிறது. ‘யாருக்குத் தேவை’ என்று கேட்டால், உறுதியோடு இருப்பவர் மட்டுமே கை தூக்குவார். ஐயத்தோடு இருப்பவர் கை தூக்கமாட்டார். அங்கே படம் தேவைப்பட்டதோ ஐயத்தோடு இருந்தவர்களுக்குத்தான். உறுதி இருந்திருந்தால் படமே தேவைப்பட்டிருக்காது.

வாரியம் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டிய முடிச்சு இதுதான். சேதம் எவ்வளவு என்று மதிப்பிட அந்தக் குழுவுக்குப் படம் வேண்டும். படம் வேண்டும் என்பதை நிறுவவோ, சேதம் கடுமையானது என்ற மதிப்பீடு முதலில் வேண்டும். வழக்கமாக ஓர் ஓடம் ஏவப்படும் முன் அது பாதுகாப்பானது என்று நிறுவும் சுமை, ஏவ விரும்புபவர்களிடம் இருக்கும். இங்கே அந்தச் சுமை சத்தமில்லாமல் கைமாறி, ஆபத்து என்று நிறுவவேண்டிய கடமை ஐயப்பட்டவர்களின் தலையில் ஏறிவிட்டது. யாரும் அப்படி ஓர் ஆணை பிறப்பிக்கவில்லை. ‘கட்டாயத் தேவையா’ என்ற ஒரு சொல்லில் அது நடந்து முடிந்தது. அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பது கூட அந்தப் பொறியாளர்களுக்கு விளங்கவில்லை என்று அறிக்கை பதிவுசெய்கிறது.

அலுவலக வாழ்வில் இதே கைமாற்றத்தை நாம் அன்றாடம் பார்க்கிறோம். திட்டக் கெடு தாங்காது என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார், ‘ஆதாரம் இருக்கிறதா?’ என்று கேட்கிறோம். கெடு தாங்கும் என்பதற்கு நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை. அவர் எண்களைத் திரட்டிக்கொண்டு வருவதற்குள் கெடு வந்துவிடுகிறது. அவர் திரும்பி வராவிட்டால், பொருட்படுத்தும் அளவுக்கு ஒன்றுமில்லை போலும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இரண்டாவது, வழி. ரோச்சா தம் கோரிக்கையைப் பொறியியல் பிரிவின் மேலாளர் வழியாக அனுப்பினார். பயணத்தை நடத்திய நிர்வாக வரிசை வழியாக அல்ல. அது அவருக்கு இயல்பான வழி. மேலே இருந்தவர்களுக்கோ, வரவேண்டிய வாசல் வழியாக வராததால், கோரிக்கை அத்தனை முக்கியமானதன்று என்ற பொருளைத் தந்துவிட்டது. உள்ளடக்கத்தை எவரும் படிப்பதற்கு முன்பே அது வந்த பாதை தீர்ப்பு எழுதிவிட்டது. என் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது என்று பெருமையோடு சொல்லும் தலைவர்களிடம் எனக்கு இருக்கும் குறையும் இதுவே: கதவு திறந்திருக்கலாம், ஆனால் அந்தக் கதவு வரை நடந்து வருவதற்கு ஒருவர் எத்தனை மேசைகளைத் தாண்டி, எத்தனை பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும் என்பதை உள்ளே அமர்ந்திருப்பவர் கணக்கிடுவதே இல்லை.

மூன்றாவது, சுருக்கம். சேதத்தைக் கணிக்கப் பயன்படுத்தப்பட்ட ‘கிரேட்டர்’ என்ற கணக்கீட்டு முறை, மிகச் சிறிய துண்டுகளை வைத்துச் சரிபார்க்கப்பட்டது. கொலம்பியாவில் மோதிய துண்டு அவற்றைப் போல் பல நூறு மடங்கு பெரியது. இந்த உண்மை மறைக்கப்படவில்லை. பவர்பாயிண்ட் பக்கம் ஒன்றின் அடிவரிகளில், சிறிய எழுத்தில், உள்தள்ளிய துணைக்குறிப்பாக அது இருந்தது. பக்கத்தின் தலைப்போ ஆறுதல் அளிக்கும் தொனியில் இருந்தது. பக்கத்தைப் படித்தவர் தலைப்பை எடுத்துக்கொண்டார். படித்தவர் சொன்னதைக் கேட்டவருக்குத் தலைப்பின் சாரம் மட்டுமே கிடைத்தது. ஒவ்வொரு படி ஏறும்போதும் எண் அப்படியே ஏறியது, ஐயம் மட்டும் உதிர்ந்துகொண்டே போனது. எவரும் பொய் சொல்லாமலேயே உண்மை தொலைந்துபோகும் வழி இது. தலைவருக்குக் கிடைப்பது சுருக்கம் மட்டுமே என்னும் நிலையில், அச்சுருக்கத்தைச் செய்தவர் எதை விட்டுவிட்டார் என்று கேட்பது தலைவரின் வேலை. சுருக்கியவரின் வேலை அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது, தலைவர் தம் முடிவை முதலில் சொல்லிவிட்டது. ஜனவரி 21 அன்று ‘செய்யக்கூடியது அதிகம் இல்லை’ என்று அவர் சொன்னது ஆணை அல்ல, உரக்கச் சிந்தித்தது மட்டுமே. மேசையின் தலைமாட்டில் இருப்பவர் உரக்கச் சிந்திப்பதற்கும் தீர்ப்பு வழங்குவதற்கும் உள்ள வேறுபாடு, அந்த மேசையின் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. அதன் பிறகு ஐயம் எழுப்புபவர் நுரையைப் பற்றி மட்டும் ஐயம் எழுப்புவதில்லை. தலைவரைப் பற்றியும் ஐயம் எழுப்புகிறார்.

விசாரணையின்போது நடந்ததாகப் பதிவாகியுள்ள ஓர் உரையாடல் இந்நிகழ்வின் மையம் என்றே நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்துகளை நீங்கள் எவ்வாறு தேடிப் பெறுகிறீர்கள் என்று விசாரணையாளர் ஒருவர் தலைவரிடம் கேட்டார். அவை என் காதுக்கு வரும்போது என்று அவர் பதிலைத் தொடங்கினார். மாற்றுக் கருத்துகளின் இயல்பே அவை உங்கள் காதுக்கு வராமல் இருப்பதுதானே என்று விசாரணையாளர் இடைமறித்தார். யாராவது முன்வந்து சொல்லும்போது என்றார் தலைவர். அவற்றை வரவழைக்க நீங்கள் கையாளும் முறைதான் என்ன என்று மறுபடி கேட்கப்பட்டபோது அவரிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்வியை நம் ஒவ்வொருவரின் முன்னும் வைத்துப் பார்த்தால், பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்போம்? ‘நான் எவரையும் கடிந்துகொள்வதில்லை’ என்பது முறை அல்ல. ‘எல்லோரும் என்னிடம் நன்றாகப் பழகுவார்கள்’ என்பதும் முறை அல்ல. சொன்னால் கேட்பேன் என்பது நல்ல குணம். சொல்லாததைத் தேடிப் போவது வேலை. இரண்டும் வேறு.

ஆறு ஆண்டுகளுக்குப் பின்

வாரியத்தின் அறிக்கை 2003 ஆகஸ்ட் 26 அன்று வெளிவந்தது. விபத்துக்கு நுரை எந்த அளவுக்குக் காரணமோ, நிறுவனத்தின் பண்பாடும் அந்த அளவுக்குக் காரணம் என்று அது கூறியது. அதன் பிறகு பொறியியல், பாதுகாப்பு ஆகிய இரு தரப்பினரும் திட்ட மேலாளர்களின் கீழ் அடங்காமல், தமக்கெனத் தனி வரிசையில் மறுப்பைப் பதிவுசெய்யும் அதிகாரம் பெற்றனர். விதி மாறியது என்பது எளிதில் சொல்லிவிடக்கூடியது. பழக்கம் மாறியதா என்பதை 2009இல் பார்க்க முடிந்தது.

2008 நவம்பரில் எண்டவர் ஓடம் ஏறும்போது, இயந்திரங்களிலிருந்து ஹைட்ரஜன் வாயுவைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் மூன்று வால்வுகளில் ஒன்று இயல்புக்கு மாறாக நடந்துகொண்டது. மற்ற இரண்டும் ஈடுகட்டிவிட்டதால் பயணத்துக்குக் குறை எதுவும் நேரவில்லை. திரும்பிய பின் பிரித்துப் பார்த்தபோது வால்வின் உட்பாகத்தில் ஒரு சில்லு உடைந்து போயிருந்தது தெரிந்தது. பழைய பழக்கப்படி பார்த்தால், ‘ஒன்றும் ஆகவில்லை, ஆகவே ஒன்றும் ஆகாது’ என்று கடந்துபோக எல்லா வசதியும் இருந்த நிகழ்வு இது.

அடுத்த பயணமான டிஸ்கவரி 2009 பிப்ரவரி 12 அன்று புறப்படவேண்டியிருந்தது. அதே போன்ற சில்லு மறுபடி உடைந்தால் குழாயைத் துளைக்குமா என்பதற்கு உறுதியான பதில் இல்லை. பல மையங்களில் சோதனைகள் நடந்தன. பிப்ரவரி 20 அன்று நடந்த பறப்பு ஆயத்த ஆய்வுக் கூட்டம் ஏறத்தாழ 14 மணி நேரம் நீடித்தது. விண்வெளிச் செயல்பாடுகளின் தலைவரான வில்லியம் கெர்ஸ்டென்மையர் தலைமையில் நடந்த அக்கூட்டம், ஓடத்தை அனுப்பலாம் என்ற முடிவோடு முடியவில்லை; தரவு போதாது என்று முடிந்தது. மேலும் சோதனைகள் செய்து, மார்ச் 6 அன்று மீண்டும் கூடி, ஐயங்களுக்கு விடை கிடைத்த பின்பே ஒப்புதல் தரப்பட்டது. மார்ச் 15 அன்று டிஸ்கவரி புறப்பட்டு, பத்திரமாகத் திரும்பியது.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைக்கும்போது கண்ணில் படுவது, இங்கே நிறுவும் சுமை மீண்டும் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருப்பது. ஆபத்து என்று ஐயப்பட்டவர்களிடம் ஆதாரம் கேட்கப்படவில்லை. பாதுகாப்பானது என்பவர்களிடம் கேட்கப்பட்டது. தெரியவில்லை என்பது, அந்த 14 மணி நேரத்தின் முடிவில், சொல்லத் தக்க ஒரு பதிலாக ஏற்கப்பட்டது. அதற்குக் கொடுத்த விலையும் சிறியதன்று: ஒரு மாதத்துக்கு மேல் தாமதம், எண்ணற்ற ஆள்நேரம், விண்வெளி நிலையத்தின் பணி அட்டவணையில் மாற்றம். ஒளிவுமறைவற்ற பேச்சு செலவில்லாதது என்று நம்பவைப்பவர்கள் தலைவர்களுக்கு நன்மை செய்வதில்லை. செலவு உண்டு, அதைத் தாங்க ஆயத்தமாக இருப்பவரின் கீழ்தான் அது நடக்கும்.

தலைவரின் நாவில் மாறவேண்டியவை

ஜனவரி 21 கூட்டத்தைச் சற்றே மாற்றிக் கற்பனை செய்து பார்க்கலாம். நுரையின் பேச்சு வந்ததும் தலைவர் தம் கருத்தைச் சொல்லாமல், ‘இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார்? அவர்களில் ஒருவர் இங்கே இருக்கிறாரா? இல்லையென்றால் வரச் சொல்லுங்கள்’ என்கிறார். வந்தவரிடம், ‘இதில் உங்களுக்கு எது தெரியாமல் இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள என்ன வேண்டும்?’ என்று கேட்கிறார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஐயத்தோடு இருப்பவரால்தான் நன்றாகப் பதில் சொல்ல முடியும். அவருடைய உறுதியின்மை அவருக்குக் குறையாகாமல் தகுதியாகிறது. படம் வேண்டும் என்பார். அந்த ஒரு பதிலைப் பெற எவருக்கும் அசாதாரணத் துணிவு தேவைப்பட்டிருக்காது. துணிவு தேவைப்படாதபடி செய்வதே தலைவரின் பணி என்பேன். குழுவில் யாருக்கு மனத்திடம் அதிகம் என்று பார்த்து, அவர் ஒருவரை நம்பித் திட்டத்தை நடத்துவது சூதாட்டம்.

கூட்டத்தில் அமைதி நிலவினால் அதை ஒப்புதல் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது அடுத்த பிழை. ‘மறுப்பு உண்டா?’ என்று அறையைப் பொதுவாகப் பார்த்துக் கேட்பது சடங்கு. அதற்கு அமைதிதான் பதிலாக வரும் என்பது கேட்பவருக்கும் தெரியும். மறுக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்தால், அவர் மறுப்பது துணிச்சல் ஆகாது, இட்ட வேலை ஆகும். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே ஒருவரிடம் கொடுத்தால், ‘அவர் எப்போதும் இப்படித்தான்’ என்ற முத்திரை விழுந்து, அவர் சொல் எடைபோடப்படாமல் போகும். மாற்றி மாற்றிக் கொடுக்கவேண்டும். மேலாளருக்கு மிக நெருக்கமானவரிடமும் கொடுக்கவேண்டும்.

முதல் கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதைக் குழு முழுவதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். அவரிடம் தலைவர் சொல்லும் முதல் வாக்கியத்தை வைத்தே மற்றவர்கள் தங்கள் அடுத்த ஆறு மாத நடத்தையை முடிவுசெய்துகொள்கிறார்கள். ‘இதை ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்பது அந்த முதல் வாக்கியமாக இருந்தால், அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் சொல்வார்கள். அவர் கருத்து ஏற்கப்படவேண்டும் என்பதில்லை. ஐயம் எழுப்புபவர் பலமுறை தவறாகவும் இருப்பார். பேச்சை முடித்து முடிவெடுக்கும் கடமை தலைவருக்கு உண்டு. ஆனால் ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தை, சொன்னவரிடமே, அவர் புரிந்துகொள்ளும்படி சொல்லவேண்டும். கொலம்பியாவில் படக் கோரிக்கை மறுக்கப்பட்டது என்ற தகவல் கூட, கேட்டவர்களுக்கு நேரடியாக, காரணத்தோடு வந்து சேரவில்லை. சுற்றி வளைத்து, பாதித் தகவலாக வந்தது. மறுப்பை விட அந்த அரைகுறைச் செய்திதான் அவர்களை அதிகம் சோர்வடையச் செய்திருக்கும்.

இவற்றையெல்லாம் செய்யத் தொடங்கிய தலைவர் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளவேண்டும்: கெட்ட செய்திகள் கூடும். மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை 1990களில் ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் பதிவான பிழைகள் அதிகமாக இருப்பதைக் கண்டார். அங்கே பிழைகள் அதிகமாக நடந்ததைவிட, அதிகமாகச் சொல்லப்பட்டன என்பதே அவர் வந்தடைந்த விளக்கம். ஆகவே குறைகள் குறைந்துவிட்டன என்ற அறிக்கையைக் கண்டு மகிழும் முன், குறைந்தது குறைகளா அல்லது சொல்பவர்களா என்று பார்ப்பது நல்லது. மேலிடத்துக்கு எண்களைக் காட்டவேண்டிய நிலையில் இருக்கும் இடைநிலை மேலாளருக்கு இது இடியாப்பச் சிக்கல்தான். அவருடைய மேலதிகாரியும் இதே கணக்கைப் புரிந்துகொண்டவராக இல்லாவிட்டால், உண்மையைச் சொல்லவைத்த மேலாளரே முதலில் தண்டிக்கப்படுவார்.

ரோச்சாவின் அனுப்பப்படாத மின்னஞ்சலுக்குத் திரும்புகிறேன். அனுப்பாததற்கு அவர் சொன்ன காரணம், அதிகார வரிசையைத் தாண்டிச் செல்ல விரும்பவில்லை என்பது. அதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்தக் காரணத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவர் அதை அச்செடுத்து உடன் பணியாற்றியவரிடம் காட்டினார் என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்தக் கடிதம் அவர் மனத்துக்குள் புதைந்து கிடக்கவில்லை. வாசகர் ஒருவரை அது அடைந்திருந்தது. தாழ்வாரத்தில் நின்ற பொறியாளர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லப்படாத செய்தி என்று நாம் குறிப்பிடுவது பல நேரங்களில் பக்கவாட்டில் தாராளமாகச் சொல்லப்பட்டு, மேல்நோக்கி மட்டும் சொல்லப்படாத செய்தியாக இருக்கிறது. ‘உங்களுக்கு ஏதேனும் கவலை உண்டா?’ என்று கேட்டால் ஒருவர் இல்லை என்றே சொல்லக்கூடும். ‘இந்த அறைக்கு வராத எந்தப் பேச்சு வெளியே நடந்துகொண்டிருக்கிறது?’ என்று கேட்கப்பட்டிருந்தால், அந்தத் தாளைப் படித்துப் பார்த்த ஒருவர் அந்தக் கட்டடத்திலேயே இருந்தார்.